ஆபத்தான வனாந்தரத்தில் நடக்கும் மர்ம நாவல்: எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதவி வந்து சேர நாள்கணக்காகும் ஒரு நிலத்தில் கொலை நடக்கிறது. அங்கே இருக்கும் சிலரில் ஒருவர்தான் கொலையாளி. இந்த வகை நாவலை எழுதத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கதைப்பின்னலைவிட நிலத்தின் கணக்குகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். இந்த நாவல்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

பங்களாவில் நடக்கும் கதையைப் பனிமலைக்குக் கொண்டுபோனால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

பூட்டிய பங்களாவில் ஒருவர் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தால் அது கொலை என்று உடனே தெரிந்துவிடும். யார் செய்தது என்பது மட்டுமே கேள்வி. மலையில் ஒருவர் பள்ளத்தில் கிடந்தால், அது கொலையா என்பதே முதல் கேள்வி. குளிர், உயரம், தாகம், காட்டாறு எல்லாமே சந்தேகப் பட்டியலில் மனிதர்களுக்கு முன்னால் நிற்கின்றன. நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கை இந்த ஐயத்திலேயே நடத்திவிடலாம்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. விலங்கு, மரம், உணவு, தொழில் ஆகியவை கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். இந்த வகை மர்ம நாவலைத் திட்டமிட இதைவிட நல்ல வரிசை கிடையாது. முதலில் நிலமும் பருவமும் நேரமும், அதிலிருந்து கருவிகளும் வேலைகளும், அதற்குப் பிறகே கொலையின் வழி. கொலையை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பின்னணிக்குப் பனியைத் தூவினால் வாசகருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. கதையை அப்படியே ஒரு ஹோட்டலுக்கு மாற்றிப் பாருங்கள். எதுவும் உடையாவிட்டால், நிலம் இன்னும் கதைக்குள் வரவில்லை.

எந்த நிலத்தைத் தேர்ந்தெடுப்பது?

அழகைப் பார்க்காதீர்கள். அந்த நிலம் எந்தத் தடயத்தை வைத்திருக்கும், எதை அழிக்கும் என்று பாருங்கள்.

உறைபனி எல்லாவற்றையும் வைத்திருக்கும். 1991 செப்டம்பர் 19 அன்று ஆல்ப்ஸ் மலையில் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் ஓர் உடல் கிடைத்தது. அண்மையில் இறந்த மலையேறியாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள். வயது சுமார் 5,300 ஆண்டுகள் என்று பிறகு தெரிந்தது. ஓட்சி என்று பெயரிடப்பட்ட அந்த மனிதரின் இடது தோளுக்குள் அம்பு முனை இருப்பதை 2001-இல்தான் எக்ஸ்ரேயில் கண்டார்கள். விபத்து என்று எண்ணிய மரணம் கொலையாக மாற, உடல் கையில் கிடைத்த பிறகும் பத்தாண்டுகள் ஆயின.

பனியாறு உடலை வைத்திருப்பதோடு நிற்காது, நகர்த்தவும் செய்யும். 1820-இல் மோன் பிளாங்க் மலையில் பனிச்சரிவில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் போனார்கள். அவர்களுடைய எச்சங்கள் 1861 முதல் போஸோன் பனியாற்றின் கீழ்முனையில் வெளிவரத் தொடங்கின. சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகும் என்று, பனியாற்றின் வேகத்தை அளந்திருந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் முன்பே கணித்திருந்தார். பழைய குற்றம் புதிய தலைமுறையின் காலடியில் வந்து நிற்கும் கதைக்கு இதைவிடத் துல்லியமான கடிகாரம் வேறு இல்லை.

வறண்ட பாலைவனத்தில் உடல் சில வாரங்களில் உலர்ந்து கருவாடு போலாகிவிடும். காயங்களின் வடிவம் ஓரளவு மிஞ்சும். வெப்பமண்டல மழைக்காடு நேரெதிர். ஈரமும் பூச்சியும் பூஞ்சையும் சில வாரங்களில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும், துணியும் காகிதமும் அழுகும். அங்கே உடலை நம்பிக் கதை பின்னாதீர்கள். உலோகம், பிளாஸ்டிக், பல், எலும்பில் விழுந்த வெட்டு ஆகியவற்றை நம்புங்கள்.

சந்தேகத்துக்குரியவர் சொல்லும் நேரக்கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

இதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்னது. ஒவ்வொரு 5 கி.மீ. நடைக்கும் ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

முகாமிலிருந்து குடிசை வரை 14 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம், மொத்தம் 4 மணி 18 நிமிடம். காலை ஆறு மணிக்கு முகாமில் தேநீர் குடித்தவர் ஒன்பது மணிக்குக் குடிசையில் கொலை செய்திருக்க முடியாது. அவரிடம் ஸ்கீ இருந்தாலோ, உறைந்த ஆறு குறுக்குவழியாக இருந்தாலோ முடியும். அந்தக் குறுக்குவழிதான் உங்கள் மர்மம். ஆறு உறைந்திருந்தது என்பதை நாற்பதாம் பக்கத்தில், யாரோ தண்ணீருக்குப் பனிக்கட்டியில் துளை போடும் காட்சியில் சொல்லிவிடுங்கள்.

இது திடமான ஆளுக்கும் நல்ல பாதைக்கும் உரிய கணக்கு. முழங்கால் ஆழப் புதுப்பனியில் வேகம் பாதிக்கும் கீழே போகும். கூட்டமாகப் போனால் கடைசி ஆளின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். செங்குத்தான இறக்கம் நேரத்தை மிச்சப்படுத்தாது, கூட்டவே செய்யும். எழுதத் தொடங்குமுன் சம உயரக் கோடுகளோடு ஒரு வரைபடம் வரைந்து, இடத்துக்கு இடம் இந்தக் கணக்கைப் போட்டு ஒட்டிவையுங்கள். பின்னால் வரும் திருத்தங்களில் பாதி மிச்சமாகும்.

குளிரில் இறந்த நேரத்தை எப்படிச் சொல்வது?

நகரத்துத் துப்பறியும் கதைகளில் வரும் கணக்குகள் இங்கே செல்லாது. சாதாரண அறையில் உடல் மணிக்குச் சுமார் ஒரு டிகிரி குளிரும். பிணவிறைப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேர அளவில் முழுமையாகி, ஒன்றரை நாளை ஒட்டித் தளரத் தொடங்கும். குளிரில் விறைப்பு தாமதமாகத் தொடங்கி நாள்கணக்காக நீடிக்கும். உறைந்துவிட்ட உடலில் அது விறைப்பா பனியா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. உறைந்த நிலையிலிருந்து இறந்த நாளைக்கூடச் சொல்ல முடியாமல் போகலாம்.

புழுக்களின் வளர்ச்சியை வைத்துக் கணக்கிடும் முறையும் அப்படியே. நீல ஈக்கள் சுமார் 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் பறப்பதில்லை, இரவிலும் கனமழையிலும் முட்டையிடுவது அரிது. எனவே பனிவெளியில் ஓர் உடலில் புழு இருந்தால், அந்த உடல் சிறிது காலம் சூடான இடத்தில் இருந்திருக்கலாம். ஒற்றைப் புழு போதும், கொலை நடந்த இடம் வேறோ என்று சந்தேகிக்க.

உடலுக்குப் பதில் சுற்றுச் சான்றுகளை வையுங்கள். உடலுக்கு அடியில் பனி இருக்கிறதா, எத்தனை அடுக்கு? மேலே மட்டும் பனி, அடியில் காய்ந்த புல் என்றால் பனி விழுமுன் அவர் விழுந்திருக்கிறார். முகாமில் யாரோ ஒருவர் தினமும் வானிலைக் குறிப்பு எழுதுகிறவராக இருந்தால், அந்த நோட்டே உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கை.

பனியில் கிடைத்த உடலில் ஆடை இல்லை. வாசகர் வேறு விதமாக எண்ணிவிட மாட்டாரா?

எண்ணட்டும். அதுதான் இந்த நிலம் இலவசமாகத் தரும் பொய்த்துப்பு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. 32-ஐ ஒட்டி நடுக்கம் குறைந்து நிற்கும், பேச்சு குழறும், தீர்மானங்கள் தப்பும். 28-க்குக் கீழே நினைவு தப்பி, இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம். கடைசிக் கட்டத்தில் சிலருக்குத் தோலடி இரத்தக்குழாய்கள் திறந்து உடல் எரிவது போலத் தோன்றும். அவர்களே ஆடையைக் கழற்றி எறிவார்கள். சிலர் கட்டிலுக்கு அடியிலோ புதருக்குள்ளோ குடைந்து ஒளிந்துகொள்வார்கள். பார்க்கிறவருக்கு இது வன்முறையாகவும் மறைத்துவைத்த உடலாகவும் தெரியும்.

இன்னொன்று, குளிரில் இறந்தவர் உடலில் இரத்தம் தேங்கும் இடம் இளஞ்சிவப்பாக இருக்கும். கூடாரத்துக்குள் ஸ்டவ் எரித்துக் கார்பன் மோனாக்சைடு சூழ்ந்து இறந்தவருக்கும் அதே நிறம்தான். கண்ணால் பார்த்து மருத்துவப் பாத்திரம் முடிவு சொன்னால் அவர் தவறலாம். இரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும், அதற்கான கருவி மலையில் இல்லை. இந்த ஒரு குழப்பத்தில் நூறு பக்கம் நகர்த்தலாம்.

1959 பிப்ரவரியில் வடக்கு யூரல் மலையில் இறந்த ஒன்பது பனிநடைப் பயணிகளை நினைத்துப் பாருங்கள். கூடாரம் உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது, பலர் போதிய உடையின்றிக் கிடந்தார்கள், சிலருக்குக் கடுமையான உள்காயம். அறுபது ஆண்டுகளாக என்னென்னவோ ஊகங்கள். 2021-இல் சுவிட்சர்லாந்தின் இரண்டு ஆய்வாளர்கள், சிறிய பலகைப் பனிச்சரிவு (இறுகிய பனியடுக்கு பலகைபோல மொத்தமாகப் பெயர்ந்து சரிவது) ஒன்று அந்தக் காயங்களை உண்டாக்கியிருக்கக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். வினோதமான காட்சிக்கு எளிய காரணம் இருக்கலாம் என்பதற்கு நல்ல பாடம். உங்கள் நாவலில் அதைத் திருப்பிப்போட்டால், எளிய காட்சிக்குள் கொடூரமான காரணம் கிடைக்கும்.

இறந்ததாக நினைத்தவர் திரும்பி வரலாமா?

குளிரில் வரலாம். 1999-இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடைநீரில் சிக்கிய ஒரு மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது. இதயம் நின்றிருந்தது. மருத்துவமனையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கிச் செலுத்தினார்கள், பிழைத்தார். ஆனால் பெரிய மருத்துவமனை இல்லாமல், கம்பளியைப் போர்த்தி ஒருவரை அந்த நிலையிலிருந்து எழுப்புவது நம்பும்படி இருக்காது. திரும்பி வருகிறவருடைய வெப்பம் 30-ஐ ஒட்டி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் நாடி கிடைக்காததால் அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டார்கள் என்றால் ஏற்கும்படி இருக்கும்.

கொலையாளி என்ன செய்வார்? துப்பாக்கியும் கத்தியும் இங்கே சப்பென்று இருக்கிறதே.

இருக்கிறதுதான். இந்த நிலத்தில் வலுவான குற்றம் என்பது பெரும்பாலும் ஒன்றைச் செய்யாமல் விடுவது அல்லது சிறிதாக மாற்றுவது. கயிற்றைச் சரிபார்க்காமல் விட்டவர், திரும்ப வேண்டிய நேரத்தை அரை மணி தள்ளிச் சொன்னவர், திசைகாட்டியின் காந்த விலக்கத்தை (முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) தவறாகக் குறித்துக் கொடுத்தவர். ஒரு டிகிரி பிழை ஒவ்வொரு கி.மீ.க்கும் சுமார் 17 மீட்டர் விலக்கும். பத்து டிகிரி பிழையோடு 6 கி.மீ. நடந்தால் ஒரு கி.மீ. தள்ளிப் போய்விடுவார், மூடுபனியில் அது மரண தூரம். குற்றவாளியின் கைரேகை எங்கும் இருக்காது. அவர் அந்த எண்ணை எழுதிய காகிதம் மட்டும் இருக்கும்.

விஷத்துக்கு வந்தால், சில காட்டுக் காளான்களின் நச்சு சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் வரை எதையும் காட்டாது. பிறகு வாந்தி, பேதி. அதன்பின் தேறியது போல ஒரு நாள். மூன்றாம் நான்காம் நாளில் கல்லீரல் கைவிடும். நோய் தொடங்கியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லோரும் விசாரிக்க, சரியான கேள்வி முந்தைய நாள் சமைத்தது யார் என்பதாக இருக்கும்.

சாட்டிலைட் போன் இருக்கிற காலத்தில் தனிமையை எப்படி நம்பவைப்பது?

போன் தொலைந்துபோயிற்று என்று மட்டும் எழுதாதீர்கள். வாசகர் கோபப்படுவார், நியாயமான கோபம். காரணம் இயற்பியலில் இருக்க வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரக்கவிகைக்குக் கீழும் செயற்கைக்கோள் சைகை தடைபடும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி திடீரென்று படுத்துவிடும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் ஓரளவு மீளும். இந்த மீட்சியே ஒரு துப்பு. செத்ததாகச் சொன்ன போனில் இரவு இரண்டு மணிக்கு அழைப்புப் பதிவு இருந்தால், அதை யாரோ மார்போடு அணைத்து வைத்திருந்தார்கள்.

இன்னும் நல்ல வழி, உதவியைக் கூப்பிட விடுவது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை அழுத்தினால் செய்தி போய்விடும். ஆனால் புயலில் ஹெலிகாப்டர் பறக்காது. உதவி வருகிறது, மூன்று நாளில். அதற்குள் கொலையாளி தன் வேலையை முடிக்க வேண்டும், துப்பறிபவரும் அப்படியே. தொடர்பே இல்லாத தனிமையைவிட இந்தக் கெடு கூர்மையானது.

கைக்கடிகாரத்தின் உயரப் பதிவும் நல்ல சாட்சி, தவறாகப் படித்தால் பொய்ச்சாட்சி. பல கடிகாரங்கள் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டுகின்றன. தாழ்நிலத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாகக் காட்டும், உயரப் போகப் போக இது கூடும். புயல் நெருங்கும் இரவில் கூடாரத்தில் தூங்கியவரின் கடிகாரம் அவர் ஐம்பது மீட்டர் ஏறியதாகச் சொல்லும். நிரபராதி மேல் சந்தேகம் விழ இது போதும்.

யார் விசாரிப்பது? சட்டம் எங்கே?

1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தப்படி, அங்கே பணியாற்றும் அறிவியலாளர்களும் ஒப்பந்த நாடுகள் அனுப்பும் கண்காணிப்பாளர்களும் அவரவர் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2000 மே மாதம் தென் துருவ நிலையத்தில் ஓர் இளம் விண்இயற்பியலாளர் இறந்தார். இயற்கை மரணம் என்றே முதலில் கருதினார்கள். குளிர்காலத்தில் விமானம் இறங்க முடியாது, உடலை அக்டோபர் இறுதியில்தான் நியூசிலாந்துக்குக் கொண்டுபோக முடிந்தது. அங்கே பிரேதப் பரிசோதனையில் மெத்தனால் நஞ்சு தெரிந்தது. அது எப்படி உடலுக்குள் போனது என்று விசாரணையில் முடிவுக்கு வர முடியவில்லை.

1970 ஜூலையில் ஆர்க்டிக்கில் மிதந்துகொண்டிருந்த டி-3 என்ற பனித்தீவில் ஓர் ஆய்வுநிலையத் தலைவர் சுடப்பட்டு இறந்தார். தகராறு, அங்கேயே தயாரித்த உலர்திராட்சை ஒயினைப் பற்றியது. நகரும் பனிக்கட்டி நிலமா கப்பலா என்பதே நீதிமன்றத்தில் பெரும் கேள்வியாயிற்று. முதலில் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் ரத்தாகி, மறுவிசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

உங்கள் துப்பறிபவருக்குக் கைது அதிகாரம் இல்லாமல் இருப்பது நல்லது. சமையல்காரர், மருத்துவர், வானிலை அளப்பவர் என்று அங்கே ஒரு வேலை உள்ளவராக இருக்கட்டும். அந்த வேலை அவருக்கு மட்டும் தெரியும் ஒரு கணக்கைக் கொடுக்கும்.

கணக்கு என்றால்?

எரிபொருள் கணக்கைப் பாருங்கள். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மி.லி. திரவ எரிபொருள் என்று திட்டமிடலாம். ஆறு பேருக்கு 900 மி.லி., பத்து நாளுக்கு 9 லிட்டர். மூன்றாம் நாள் ஒருவர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதன் பிறகு செலவு 750-ஆக இறங்க வேண்டும். நோட்டில் தொடர்ந்து 900 வருகிறது. யாரோ ஒருவர் இன்னும் ஆறாவது ஆளுக்குத் தண்ணீர் உருக்குகிறார்.

நாவலின் நடுப்பகுதி தொய்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் மருந்து. உணவுப் பொட்டலம், பேட்டரி, மாத்திரை, தீக்குச்சி ஆகியவற்றுக்கு அத்தியாயவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். தீரும் பொருள் ஒவ்வொன்றும் கெடு, பொருந்தாத எண் ஒவ்வொன்றும் துப்பு.

காலடித் தடத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவு. தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது, காற்றில் மழுங்கினால் பழையது. தடத்துக்குள் மழைத்துளிப் பள்ளம் இருந்தால் மழைக்கு முந்தியது. மேலே பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் ஓர் இரவாவது கடந்திருக்கலாம். பனியில் ஓர் அதிசயம் உண்டு. மிதித்து இறுகிய பனியைக் காற்று அரிக்க முடியாமல் சுற்றியுள்ள தூள்பனியை மட்டும் அடித்துப்போகும், தடங்கள் குழியாக இல்லாமல் மேடாக நிற்கும். புயலுக்கு முன் நடந்தவரைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் ஒரு தடத்தைப் பார்த்து உயரம், எடை, மனநிலை எல்லாம் சொல்லும் பாத்திரம் வேண்டாம்.

விலங்கு தாக்கியதாகக் காட்டலாமா?

காட்டலாம். இறந்த பிறகு விலங்கு கடித்த இடத்தில் திசுவுக்குள் இரத்தக் கசிவு இருக்காது. அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் பிடித்துவிடுவார்.

துப்புகளை எங்கே வைப்பது? வாசகருக்கு இந்த அறிவியல் எல்லாம் தெரியாதே.

தெரியாததால்தான் முன்கூட்டியே கற்பிக்க வேண்டும். தீர்வு எந்த இயற்கை விதியை நம்பியிருக்கிறதோ, அதை மூன்று முறை காட்டுங்கள். முதல்முறை அன்றாட வேலையாக: யாரோ பேட்டரியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தூங்குகிறார். இரண்டாம் முறை சிறு சிக்கலாக: கேமரா நின்றுபோகிறது, சூடாக்கியதும் ஓடுகிறது. மூன்றாம் முறை தீர்வாக. முதல் இரண்டும் நாவலின் முதல் பாதிக்குள் வந்துவிட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது முப்பது பக்கம் இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் நிபுணர் வந்து புதிய அறிவியலைச் சொல்லி முடித்துவைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

போகாத இடத்தைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் முதலில் ஒரு நாள்குறிப்பு தயாரியுங்கள். கதை நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சூரிய உதயம், மறைவு, நிலவின் கட்டம், வெப்பம், காற்றின் வேகம். வளர்பிறையின் மெல்லிய கீற்று நள்ளிரவில் வானத்தில் இருக்காது, மாலையிலேயே மறைந்துவிடும். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் எழும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 20 போலிருக்கும். அந்த விரல்களால் சிறு திருகாணியைக் கழற்றும் காட்சி எழுதாதீர்கள். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி, அங்கே நீண்ட வசனம் பேசியபடி யாரும் ஏற மாட்டார்கள். மூச்சுக்கு மூச்சு உடையும் வாக்கியம் பயத்தையும் தானாகவே கொண்டுவரும். மலை மீட்புக் குழுக்கள் வெளியிடும் விபத்து அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். மனிதர்கள் எந்த மணியில் எந்தத் தவறைச் செய்தார்கள் என்று அவற்றில் வரிசையாக இருக்கும்.

கடைசியில் கொலையாளியை நிலமே கொன்றுவிடலாமா?

துப்பறிபவர் முதலில் தன் முடிவைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். அதற்கு முன் பனிச்சரிவு வந்தால் அது எழுத்தாளர் தப்பித்துக்கொள்வது. முடிவு சொன்ன பிறகு, கொலையாளி ஓடும் வழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் நடக்கின்றன. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரிந்து அரை மணியில் மிகவும் குறைந்துவிடும். இந்த இரண்டு எண்களும் வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால், கொலையாளி அந்தச் சரிவில் கால் வைக்கும்போது அவர் மனத்தில் சரிவின் கோணம் ஓடும். புதைந்த பிறகு, கையில் மண்வெட்டியோடு நிற்கும் துப்பறிபவர் கடிகாரத்தைப் பார்ப்பார். தோண்டுவதா இல்லையா என்பதை எந்தப் பக்கத்தில் முடிப்பது என்பது மட்டுமே உங்களுக்கு மிச்சம்.